அணையாவிளக்கின் கண்ணாடி

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் விளக்கு ஏற்றியாயிற்று. ஒரு மண்டலம் அணையாமல் எரியவிடுகிறேன் என்று செந்தூர் முருகனிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இருதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. அடுத்த வாரம் வியாழக்கிழமை திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பைபாஸ் ஆபரேஷன். அது நல்லபடியாக முடிய வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஏற்றிய சூடு ஆறுவதற்குள் சண்டை. சாமி மாடம் கூடத்தில் இருக்கிறது. இவருடைய சாய்வு நாற்காலியும் கூடத்தில்தான். நாற்காலிக்கு நேர் மேலே ஃபேன்.

"ஃபேனை நிப்பாட்டுங்க, திரி ஆடுது."

"உலகு, நிப்பாட்டுனா நான் ஆடிருவேன். புழுங்குது."

"வெளக்கு யாருக்காக?"

"எனக்காகத்தான. ஆபரேஷனுக்கு முன்னாலயே வெந்து செத்துட்டா வெளக்கு ஏத்தி என்ன புண்ணியம்?"

இந்த மனுஷனோடு பேசி ஜெயிக்க முடியாது. அம்பாசமுத்திரத்தில் பாதிப் பேருக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ரிட்டையர் ஆனபின் மிச்சமிருக்கிற ஒரே மாணவி இந்த உலகு, அதாவது நான். எட்டாம் வகுப்போடு நின்றவள், அதனால் என்னிடம் எதையும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் அதை முடித்துவைப்பது அவர்தான்.

கடைசியில் நான்தான் பஜாருக்குப் போய் விளக்குக்கு ஒரு சிம்னிக் கண்ணாடி வாங்கி வந்தேன். இப்போது ஃபேனும் ஓடுகிறது, விளக்கும் எரிகிறது. கண்ணாடியைப் பூஜைச் செலவில் எழுதினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பஜ்ஜி எண்ணெய் ஊறிய காகிதம். கேட்டால், "நியூஸ் நல்லா இருந்துச்சு, படிக்க வாங்குனேன்" என்கிறார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

 எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு வடிவு மதினி இட்லிக் கொப்பரையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நேராகக் கூடத்துக்கு வந்து, விளக்கில் சரிந்திருந்த பூவை எடுத்து வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து சொல்கிறாள், மேலத் தெருவில் ஒரு சாவு, அந்தத் துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே வருகிறாளாம்.

"குளிக்காமயா வந்தே?"

"நான் உள்ள போகல மதினி. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன். எட்டிப் பாத்ததுக்கெல்லாம் தீட்டு உண்டா?"

அவளை அனுப்பிவிட்டு, மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கூடம் முழுக்கத் தெளித்தேன். விளக்கைத் தொட்டிருக்கிறாளே என்று விளக்கின் மேலும் நன்றாகத் தெளித்தேன். டப் என்று ஒரு சத்தம். சிம்னிக் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்து இரண்டாகப் பிளந்து நின்றது. விளக்கு அணையவில்லை, அந்த மட்டுக்கும் முருகன் காப்பாற்றினான்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கையில் இது என்ன சகுனம்? நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவருக்கோ வகுப்பு எடுக்கச் சமயம் வாய்த்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

"தீட்டும் இல்ல, சகுனமும் இல்ல. கண்ணாடி சூடா இருந்துச்சா? சூட்டுல விரிஞ்சு நிக்கும். நீ தெளிச்ச தண்ணி பட்ட இடம் மட்டும் சட்டுன்னு சுருங்கிருச்சு. சுத்தி இருக்கிற இடம் சுருங்கல. ஒரே கண்ணாடிக்குள்ள ஒரு பக்கம் இழுக்கு, ஒரு பக்கம் வரமாட்டேங்குது. இழுபறி. இரும்புன்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது, வெடிச்சிரும். இதே மாதிரி, குளிர்ந்த கண்ணாடில கொதிக்கிறத ஊத்துனாலும்..."

"நான் கேட்டேனா?"

"கேக்கலன்னாலும் சொல்லணும்லா. தீட்டால வெடிக்கல உலகு, தண்ணியால வெடிச்சுது."

கோமதிக்குப் போன் போட்டேன். எங்கள் மகள், திருநெல்வேலியில் இருக்கிறாள். டாக்டரிடம் தேதி வாங்கியவளும் அவள்தான். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். "கண்ணாடி ஒடஞ்சதுக்கு ஆபரேஷனத் தள்ளிப்போடுதேன்னு டாக்டர்ட்ட நான் எந்த மொகத்த வெச்சுட்டுச் சொல்லுவேன்?" என்று கத்தினாள். சொந்தத்தில் கல்யாணம் என்று சொல்லேன், அப்பாவுக்குச் சளி என்று சொல்லேன், எதையாவது சொல்லேன் என்றேன். ஒருவழியாகச் செப்டம்பர் நாலாம் தேதிக்கு மாற்றிக்கொடுத்தாள்.

போனை வைக்கிறவரை இவர் பக்கத்தில் நின்று "மூடநம்பிக்கை, மூடநம்பிக்கை" என்று முனகிக்கொண்டிருந்தார்.  ராத்திரி வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். கோபத்தில் பசிக்கும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் போய், "ஒரு வாரத்துல வெடிக்கிற சாமானையா விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வாத்தியாரம்மா, அது மெல்லிசு. இந்தாங்க, இதப் பாருங்க. குப்பி மாதிரி தடிப்பு. கீழ போட்டாலும் ஒடையாது."

"போட்டுக் காட்டுங்க."

"வெலை கொடுத்துட்டு நீங்களே போட்டுப் பாருங்க."

தடித்ததையே வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் இவர் அதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, தடிப்பாக இருந்தால்தான் சீக்கிரம் வெடிக்கும் என்கிறார். உள்பக்கம் சூடேறி விரிகிறபோது அந்தச் சூடு வெளிப்பக்கத்துக்குப் போய்ச் சேர நேரமாகுமாம். தடிமன் கூடக்கூட இழுபறி கூடுமாம். ஆய்வுக்கூடத்தில் சூடு பண்ணுகிற கண்ணாடிக் குடுவையெல்லாம் மெல்லிசாகத்தான் இருக்குமாம். இதை நான் கடைக்குப் போகுமுன் சொன்னால் என்ன? வாய் அப்போது எங்கே போயிருந்தது?

மாற்றிவரப் போகவில்லை. கால் வலி.

செப்டம்பர் 3, புதன்

தடித்த கண்ணாடியும் போயிற்று.

இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியது. பெட்டி கட்டி, வேஷ்டி நான்கு, துண்டு இரண்டு, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, காலையில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். படியேறும்போதே இவர் எதிரே வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உலகு, பதறாத. கண்ணாடி மறுபடியும்..."

கண்ணாடி கீழே வளையமாகத் தெறித்துக் கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் சுடர் சடசட என்று பொரிந்தது, எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. எண்ணெயில் ஏதோ கலப்படம், கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மாடத்தடியில் தரை ஈரமாக இருந்தது. துணியைப் போட்டுத் துடைத்தேன்.

நான் வாயைத் திறக்குமுன் இவரே சொன்னார்: "எனக்கென்னவோ இது சரியாப் படல. ரெண்டாந்தடவையும் இப்படி ஆகுதுன்னா யோசிக்கணும்லா."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கல்யாணத்தன்று ராகுகாலத்தில்தான் மாப்பிள்ளை வண்டி ஏறுவேன் என்று அடம்பிடித்த மனுஷன் இவர். பல்லி விழுந்தால் பல்லிக்குத்தான் அடிபடும் என்பார். இன்றைக்கு அவர் வாயால் சகுனம் என்கிறார். முருகா, நீ பெரியவன். நாத்திகத்தைக் கரைத்துவிட்டாய்.

கோமதிக்குப் போன் போட்டேன். அவள் பாதியிலேயே டக்கென்று வைத்துவிட்டாள். கட்டிய பெட்டியைப் பிரித்தேன். வேஷ்டியெல்லாம் மறுபடியும் மடித்து அலமாரியில் வைத்தேன். நாலு மடிப்பு வேலை வீண்.

செப்டம்பர் 5, வெள்ளி

எண்ணெய்க்கடையில் சண்டை. கடைக்காரருக்கு வந்ததே கோபம். "நல்லெண்ணெய் பொரியுதுன்னா அதுல தண்ணி விழுந்திருக்குன்னு அர்த்தம். எங்க செக்குல ஏதும்மா தண்ணி? ஈரக் கையோட ஒங்க வீட்டுல யாராச்சும் வெளக்கத் தொட்டாங்களான்னு போய்க் கேளுங்க."

எங்கள் வீட்டில் விளக்கைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான். நான் கோயிலில் இருந்தேன்.

இவரிடம் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வந்தால் துணி ஊறிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

பாத்திரக்கடையில் இந்தத் தடவை மெல்லிசுக் கண்ணாடி கேட்டு வாங்கினேன். "தடிப்பு ஒத்துக்கிடலையா?" என்று அண்ணாச்சி கேட்டார். "ஒங்க தடிப்ப நீங்களே வெச்சுக்கிடுங்க" என்றேன். மூன்றாவது கண்ணாடி. பூஜைச் செலவா, வீண் செலவா, வைத்தியச் செலவா, எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாளயபட்சம் தொடங்கிவிட்டது. இது எனக்கு மறந்தே போயிருந்தது, ஞாபகப்படுத்தியவர் இவர். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அமாவாசை வரைக்கும் சரியில்ல. அதுக்கப்புறம் நவராத்திரி, வீட்ல கொலு வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கா போவே? அதுக்கடுத்த வாரம் எனக்குச் சந்திராஷ்டமம்" என்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பரீட்சை தள்ளிப்போன பையன் மாதிரி வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு திரிகிறார்.

கோமதி போனில் வந்தாள். "அம்மா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. ஒன் வெளக்கு எங்கப்பாவக் கொன்னுரும்."

முருகன் விளக்கைப் பற்றி அப்படிப் பேசலாமா? வாயைக் கழுவு என்றேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, குழம்பு அடுப்பில் இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். ரயில்வே கேட் பக்கத்துச் சலூனில், பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சட்டை முழுக்க வேர்வை. உதடு வெளுத்திருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தேன். பாதி முடிதான் வெட்டியிருந்தது.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. வெயிலு."

வெயிலே இல்லை. காலையிலிருந்து மேகம்.

செப்டம்பர் 15, திங்கள்

கோமதி கார் கொண்டுவந்து எங்களைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போனாள். டாக்டரம்மா இவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு, கோமதியைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம்.

"ரெண்டு தடவை தள்ளிப்போட்டுட்டீங்கம்மா. மூணாவது தடவை தள்ளிப்போட சார் இருக்கணும்."

 எப்போது என்று மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். மாளயபட்சத்து வெள்ளிக்கிழமை. சரி என்று சொல்லிவிட்டேன். நாள் பார்க்கவில்லை, இவரிடமும் கேட்கவில்லை.

காரில் வரும்போது இவர், "மாளயபட்சம்லா உலகு..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடிட்டு வாங்க."

கோமதி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மத்தியானம் இவர் தூங்கும்போது, பரணில் கிடந்த ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினேன். வெப்பம் என்று ஒரு பாடம். இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஒன்றும் ஏறவில்லை. இரண்டாம் தடவை, இவர் நடத்துகிற மாதிரி எனக்கு நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் ஏறியது.

படித்தது சரிதானா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பின்கட்டில் இரண்டு பழைய ஊறுகாய் பாட்டில் கிடந்தது. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஒன்றில் ஊற்றினேன். ஊற்றிய கையோடு அடி கழன்று விழுந்தது. கஞ்சி போச்சு. இன்னொன்றில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் சூடாக. அப்புறம் கொதிக்கிற தண்ணீர். ஒரு கீறல் இல்லை. அதே மாதிரி பாட்டில், அதே மாதிரி கொதி.

அப்பளத்தை ஒரு பக்கம் மட்டும் அனலில் காட்டினால் வளைந்துகொள்கிறது. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. ஆனால் சூட்டைத் தாங்கத் தெரியும். திடுதிப்பென்று வருவதைத்தான் தாங்கத் தெரியவில்லை.

உடைந்த பாட்டிலைப் பெருக்கிக் காகிதத்தில் சுற்றிப் போட்டேன். வடிவு மதினி மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன மதினி, கஞ்சிக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா?" என்று கேட்டாள். இவளுக்கு வேறு வேலையே கிடையாது.

விளக்கின் திரியை உள்ளே தள்ளி, சுடரைச் சின்னதாக வைத்தேன். எண்ணெய் மிச்சமாகும்.

செப்டம்பர் 17, புதன்

இன்று புரட்டாசி பிறந்தது. நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"கோயிலுக்குப் போயிட்டு வாரேன், வர நேரமாகும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை போனேன். திரும்பி வந்து, கொல்லை வழியாக நுழைந்து, அடுக்களை ஜன்னலில் நின்றேன். என் வீட்டிலேயே நான் திருடி மாதிரி நின்றேன். எனக்கு இதெல்லாம் தேவையா?

இவர் மாடத்துக்கு முன்னால் நின்றிருந்தார், கையில் தண்ணீர் டம்ளர். விரலை நனைத்துக் கண்ணாடிமேல் சுண்டினார். சுண்டும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், ஓலைவெடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி. ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் சுண்டினார். ஆகவில்லை. அப்புறம் ஒரு கை தண்ணீரையே எடுத்துத் தெளித்தார். கண்ணாடி நனைந்துகொண்டு சும்மா நின்றது. இவர் குழம்பிப்போய்க் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி பத்தலையா? செம்புல கொண்டாரட்டா?" என்றேன்.

டம்ளர் கீழே விழுந்தது. எவர்சில்வர், அதனால் சத்தத்தோடு போயிற்று.

"கண்ணாடில தூசி... தொடைக்கலாம்னு..."

"வாத்தியார் பொய் சொன்னா பிள்ளைக சிரிக்கும்."

நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார். இனிமேல் என்ன சொல்லப் போகிறார், மன்னிப்புக் கேட்பாரா, கோபப்படுவாரா என்று நான் நின்றால், நிமிர்ந்து கேட்கிறார்:

"இது ஏன் வெடிக்கல?"

எனக்கு வந்த எரிச்சலில் அந்தச் செம்பையே எடுத்து எறிந்திருப்பேன். "திரியச் சின்னதா வெச்சிருக்கேன். கண்ணாடி சூடே ஆகல. சூடாகாத கண்ணாடில தண்ணி பட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது" என்றார், பெஞ்சுமேல் ஏறி நிற்கிற பையன் குரலில். பிறகு, "ஒனக்கு யாரு சொன்னா?"

"ஒன்பதாங்கிளாஸ் புஸ்தகம்."

அப்புறம்தான் வாய் திறந்தார். "அந்த டாக்டரம்மா எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டா உலகு. நெஞ்செலும்ப ரம்பம் வெச்சு அறுப்போம், காலுல இருந்து நரம்பு எடுப்போம்னு படம் போட்டுக் காட்டுனா. நானும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன், பெரிய இவன் மாதிரி. கடைசில, இருதயத்த நிப்பாட்டிருவோம்னா. நிப்பாட்டுவாங்களாம். நிப்பாட்டுனது மறுபடியும் ஓடலன்னா?"

"இத இத்தன நாளா என்கிட்ட சொல்லாம வெளக்குமேல தண்ணி தெளிச்சுக்கிட்டுக் கெடந்தீங்களா?"

"நீ தினம் காலைல வெளக்கு முன்னால உக்காந்து அழுதுட்டு இருந்தே. நானும் வந்து சொன்னா ஒன்ன யாரு பாக்கிறது?"

நான் அழுததாக இந்த நோட்டில் எங்கேயும் இல்லை. அது சாம்பிராணிப் புகை.

ஒன்று மட்டும் எழுதிவைக்கிறேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் இவர் விளக்கை ஒரு ஊது ஊதியிருக்கலாம். ஒரு நொடி வேலை. நான் அதோடு செத்திருப்பேன், பெட்டியைக் கட்டவே மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். சுடரை அவர் தொடவில்லை. கண்ணாடியைத்தான் உடைத்தார். முதல் கண்ணாடியைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஈரத்தைத் துடைத்தேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் இப்பவே யோசிக்க வேண்டாம். நாளைக்குக் கார்ல போறோம். அவ்வளவுதான். கோமதி வீட்டுக்குப் போற மாதிரி. அங்க போய்க் கட்டில்ல உக்காருவோம். அடுத்தது என்னன்னு அப்பம் பாத்துக்கிடலாம்."

"ஏமாத்துதே."

"ஆமா."

கீழே கிடந்த டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்து, "சரி, கார் வரைக்கும் வாரேன்" என்றார்.

செப்டம்பர் 18, வியாழன்

வடிவு மதினி குளித்து, தலை ஈரத்தோடு வந்து விளக்குக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள். "அணைஞ்சுட்டா என்ன செய்ய மதினி?" என்று கேட்டாள். "ஏத்து" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முருகனுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கார் வரைக்கும் வந்தார். காரில் ஏறினார். ஆஸ்பத்திரியில் கட்டில் வரைக்கும் வந்தார். ஒவ்வொன்றுக்கும் "அவ்வளவுதான, அவ்வளவுதான" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் "அவ்வளவுதான்" என்றேன். மார்பு முடியை மழிக்க ஆள் வந்தபோது, "தலைல பாதி நிக்கே, அதையும் சேத்து வெட்டிருவியா?" என்று கேட்டு அவரையும் சிரிக்கவைத்தார்.

டாக்டரம்மாவைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். "அம்மா, இவர்ட்ட எதையும் மொத்தமாச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. கேள்வி கேட்டா பதில் சொல்லுங்க. இவருக்குப் புரிஞ்சா பயம் கொறையும்." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் சாயங்காலம் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்காகவே அந்த டாக்டரம்மா நன்றாக இருக்க வேண்டும்.

இவர் கேட்டார் பாருங்கள் கேள்வி. இருதயத்துக்குப் பதிலாக ஓடுகிற மெஷினில் ரத்தம் எந்த வேகத்தில் ஓடும், கரண்டு போனால் என்ன, குழாய்க்குள் காற்றுக்குமிழி வந்தால் என்ன? டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கரண்டு போனால் பேட்டரி, அதுவும் போனால் கையால் சுற்ற ஒரு கைப்பிடி. இவருக்குக் கைப்பிடி ரொம்பப் பிடித்துவிட்டது. இருதயத்தை நிறுத்தும்போது குளிரவைப்பார்களாம், உடம்பையும் கொஞ்சம் குளிரவைப்பார்களாம்.

"முடிஞ்சதும்?"

"திரும்பச் சூடேத்துவோம் சார். அவசரப்பட மாட்டோம், மெதுவாத்தான் ஏத்துவோம்."

இவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? மெதுவாத்தான் ஏத்துவாங்களாம்" என்றார். பிறகு டாக்டரம்மாவிடம், "கரெக்ட்" என்றார், விடைத்தாளில் டிக் போடுகிற மாதிரி.

அப்புறம் தூங்கிவிட்டார். குறட்டை. எனக்குத்தான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் இடுப்பு ஒடிகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு வரைக்கும் கையைப் பிடித்திருந்தார். "அவ்வளவுதான" என்றார். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவரே "அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

மத்தியானம்: இன்னும் முடியவில்லை. கோமதி தயிர்சாதம் கொண்டுவந்தாள். உப்பே இல்லை.

சாயங்காலம்: முடிந்துவிட்டது. இருதயம் தானாக ஓடுகிறதாம். டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போன பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கோமதிதான் உட்காரவைத்தாள்.

செப்டம்பர் 20, சனி

ஐ.சி.யூ.வில் கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். செருப்பைக் கழற்றி, பச்சை அங்கி மாட்டி, கை கழுவிக்கொண்டு போனேன்.

கண் திறந்திருந்தார். மூச்சுக்கு வாயில் குழாய். நுரையீரல் இன்னும் கொஞ்சம் தெம்பாக வேண்டுமாம், அதனால் எடுக்கவில்லை. பேச முடியாது, ஆனால் எல்லாம் கேட்கும் என்று நர்ஸ் சொன்னாள். "பேசுங்கம்மா, நல்லது."

இவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஒரு மாசமாகச் சேர்த்து வைத்தது. பஜ்ஜி, பஞ்சாங்கம், கடைக்காரர்களிடம் நான் பட்ட அவமானம், எல்லாம். ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன். போய் நின்றால் வேறு பேச்சுதான் வந்தது. பால்காரர் நேற்று வரவில்லை என்றேன். வீட்டுக் கொல்லையில் முருங்கை பூத்திருக்கிறது என்றேன். வடிவு மதினி நம்முடைய ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம், கரண்டு பில்லை அவளா கட்டப் போகிறாள் என்றேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் ஒரு தடவை ஏறியது. அந்தப் புருவத்தை எனக்குத் தெரியும். எங்கேயோ நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்த வேண்டும் என்று துடிக்கிறார்.

நான் ஆரம்பித்த பேச்சையெல்லாம் நானே முழுசாகச் சொல்லி முடித்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து, நான் பேசி முடிக்கிறவரை இவர் குறுக்கே பேசாமல் இருந்தது இன்றைக்குத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

நாளைக்குக் குழாயை எடுத்துவிடுவார்களாம். எடுக்கட்டும்.